வேலாயி கட்டிய வானாராய்ச்சி நிலையம்

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயத்தின் பின்புறம், லீக்ஸ் பாத்திக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் ஒரு வானாராய்ச்சி நிலையம் எழும்பியது. அதைக் கட்டியவள் வேலாயி. அவளுக்குப் பத்து வயது.

"திங்கட்கிழமை காலையில் சூரிய கிரகணம். யாரும் சூரியனை நேரே பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும். இருட்டுப் பெட்டியில் சின்னத் துளை போட்டால் உள்ளே சூரியன் விழும், அதைப் பாருங்கள்" என்று பள்ளிக்கூடத்தில் பத்திநாதன் வாத்தியார் சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு விளையாடப் போனார்கள். வேலாயி மட்டும் நேரே சித்தப்பாவிடம் போய்ப் பெட்டி கேட்டாள்.

சித்தப்பாவுக்குத் தேயிலைத்தூள் தயாராகும் ஸ்டோரில் வேலை. ஒரு பக்கம் உடைந்துபோன தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, தலையில் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டிக்குள்ளே ஈயத்தாள் பளபளவென்று ஒட்டியிருந்தது.

"இதுக்குள்ள சூரியனப் புடிச்சுப் போடப் போறியா?" என்று சிரித்தாள் நாகலெட்சுமி சித்தி.

"ஆமா சித்தி. நீங்க கம்பப் புடிங்க."

சித்தி புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். முதல் குழந்தை வயிற்றில் இருந்தது. ஏழு மாதம். ஆனாலும் நான்கு கம்புகளையும் அவள்தான் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். கோதுமை மாவில் பசை காய்ச்சி, பெட்டியின் விரிசல்களில் கடதாசி ஒட்டியதும் அவள்தான். பெட்டியைக் கம்புகளின் மேல் கவிழ்த்து, சுற்றிலும் பழைய கம்பளியைத் தொங்கவிட்டார்கள். வெளிச்சம் வரும் பக்கத்துப் பலகையில் பெரிய ஓட்டை போட்டு, உள்ளேயிருந்த ஈயத்தாளில் ஊசியால் ஒரே ஒரு குத்து. எதிர்ப் பக்கத்தில் வெள்ளைத் தாள். தலையை உள்ளே விட்டுப் பார்த்தால், தாளில் பட்டாணி அளவில் ஒரு சூரியன் நின்றது.

வேலாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கிரகணத்தன்னைக்கு மொத ஆளா ஒங்களத்தான் பாக்க விடுவேன் சித்தி. சத்தியமா" என்றாள்.

அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால், கம்பளிக்குள் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. முட்டையும் இட்டிருந்தது.

"மொத ஆளு கோழிதான்" என்றான் தம்பி சோலைமலை.

சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போன வேலாயிக்கு, அங்கே அம்மா வேறு வேலை வைத்திருந்தாள். மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, நீளக் குச்சியால் தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளில் கந்தைத் துணியை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா அடைக்கிற? மழையே இல்லையே."

"நாளைக்குக் கிரகணம். புள்ளத்தாச்சி மேல ஒரு பொட்டு வெளிச்சம் படக் கூடாது. கிரகணம் விடுற வரைக்கும் நாகலெட்சுமி இந்த அறைய விட்டு வெளிய வரக் கூடாது."

"நான் சித்திக்கு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சத்தியத்தத் தூக்கி ஒரு பக்கம் வை. வயித்துல இருக்குறது வெளையாட்டுச் சாமானா?"

வேலாயி மூலையில் உட்கார்ந்திருந்த சித்தியைப் பார்த்தாள். சித்தி தரையைப் பார்த்தாள். "போகட்டும் புள்ள. நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள்.

திங்கட்கிழமை வானம் பளிச்சென்று விடிந்தது. கிரகணம் விட்ட பிறகுதான் பெரட்டு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுப்பது, என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். சொல்லாவிட்டாலும் யாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்க மாட்டார்கள்! பெரியவர்கள் வீட்டுக்குள் இருக்க, லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பெட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். சோலைமலை வரிசையைக் காவல் காத்தான்.

வேலாயி தலையை உள்ளே விட்டாள். பட்டாணிச் சூரியனின் ஓரத்தை யாரோ கடித்திருந்தார்கள். பார்க்கப் பார்க்கக் கடி பெரிதானது. ஆனால் அவள் மனம் அதில் நிற்கவில்லை. கம்பைப் பிடித்த சித்தி இருட்டறையில் தனியாக இருக்கிறாளே என்று நெஞ்சு உறுத்தியது.

"தம்பி, நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். சித்தியின் அறைக்குள் சட்டென்று நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் சித்தி இருட்டிலிருந்து.

"ரொட்டியக் கடிச்ச மாதிரி இருக்கு."

"ம்" என்றாள் சித்தி.

வேலாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் இருட்டுக்குப் பழகியபோது எதிர்ச் சுவரில் ஏதோ மின்னியது. அம்மா ஒரு ஓட்டையை விட்டுவிட்டாள் போலும். சுண்ணாம்புச் சுவரில் காசு அளவுக்கு ஒரு வெளிச்சம். அது வட்டமாக இல்லை. பாதிக்கு மேல் கடிபட்டிருந்தது.

வேலாயி கூரையைப் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். இருட்டு, ஒரு ஓட்டை, எதிரே வெள்ளைச் சுவர்.

"சித்தி, நாம பெட்டிக்குள்ளதான் இருக்கோம்" என்றாள். "இது பெரிய பெட்டி. அதான் சூரியனும் பெருசா இருக்கு."

சித்தி பயந்து பின்னால் நகர்ந்தாள். "ஐயோ, மேல படக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்களே."

"ஒங்க மேல எங்க படுது? சுவத்து மேலதான் படுது. சுவரு என்ன புள்ளத்தாச்சியா?"

சித்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே அவள் சுவரைப் பார்த்தாள். வெளிச்சம் மெலிந்து மெலிந்து பிறையாகியது. அவள் சிரிப்பை நிறுத்தி, கண் கொட்டாமல் பார்த்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அம்மா உள்ளே வந்தாள். "என்னடி கூத்து இது?"

வேலாயி மறைக்கவில்லை. சுவரைக் காட்டினாள். "சூரியன்மா. சித்தி மேல படல. நீயே பாரு."

அம்மா பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கிரகணத்துக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். ஒன்றையும் பார்த்ததில்லை.

"இதுவா அது?" என்றாள் மெதுவாக.

பிறகு சித்தியை மூலைக்கு நகர்த்தி உட்காரவைத்தாள். அவளுக்கு முன்னால் மறைப்பாகத் தான் நின்றுகொண்டாள். குச்சியை எடுத்துக் கூரையில் ஒரு கந்தையைக் குத்தினாள். அது வெளியே போய் விழுந்தது. சுவரில் இன்னொரு பிறை. இன்னொரு குத்து, இன்னொரு பிறை. கொஞ்ச நேரத்தில் சுவர், தண்ணிக்குடம், கொடியில் காய்ந்த சேலை, அம்மாவின் தோள் எங்கும் குட்டிக் குட்டிப் பிறைகள். அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, சித்தி ஒவ்வொன்றாக விரலால் காட்டினாள்.

கதவு படாரென்று திறந்தது. சோலைமலை நின்றான், அவனுக்குப் பின்னால் முழு வரிசையும் நின்றது. கதவு வழியே வந்த வெளிச்சத்தில் பிறைகள் எல்லாம் மங்கிப்போயின.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உள்ள வந்து கதவச் சாத்துங்கடா" என்றாள். "சூரியன் போகுது."