ஒரு படம்தான் மிச்சம்

நாலு மாதமாக அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. காரணம், ஐந்து மாதத் தம்பி. அவனுக்கு அக்கா வைத்த பெயர் 'அலாரம்'. ஸ்பூன் விழுந்தால் அழுவான். செருப்புச் சத்தம் கேட்டால் அழுவான். அவனே தும்மிவிட்டு, அதற்கும் அழுவான்.

அக்காவுக்கு வயது பத்துதான். அதற்குள் அவள் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் விழுந்துவிட்டது.

கப்பலில் வேலை பார்க்கும் அப்பா இன்னும் தம்பியைப் பார்த்ததே இல்லை. 'அவன் தூங்கவே மாட்டேங்கிறான்னு எழுதுறீங்களே. தூங்குற மாதிரி ஒரே ஒரு போட்டோ அனுப்புங்க, பார்ப்போம்' என்று கடிதம் போட்டிருந்தார்.

போன வாரம், கேமரா ரிப்பேர் செய்யும் சித்தப்பா தன் பெரிய கேமராவில் எடுத்துப் பார்த்தார். 'டப்!' அலாரம் அடித்தது. அம்மாவின் தூக்கமும் போச்சு.

இன்று மதியம் அவர் ஒரு சின்ன கேமராவோடு வந்தார்.

"அந்தப் பெரிய கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கு. பட்டனை அமுக்கினா துள்ளிக் குதிக்கும். அதான் அந்தச் சத்தம். இதுல கண்ணாடியே கிடையாது. துணித் திரை ஒண்ணு ஓடும், அவ்வளவுதான். இந்தக் குட்டி ஜன்னல் வழியாப் பாரு. தம்பி ரெண்டு ரெண்டாத் தெரிவான். வளையத்தைத் திருப்பு. ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்ததும் அமுக்கிடு."

"ஒரு தம்பியையே தாங்க முடியல" என்றாள் அக்கா.

"ஃபிலிம் ரோல்ல ஒரு படம்தான் மிச்சம். அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். இன்னைக்கே கழுவி அனுப்பினாத்தான் அப்பாவோட கப்பலைப் பிடிக்கலாம்."

அம்மா கொட்டாவி விட்டாள். "ரோல் மாட்டுறதுலயும் உன் சித்தப்பா மகா கஞ்சன். முப்பத்தாறு பட ரோல்ல முப்பத்தேழு எடுப்பார்."

நாலரை மணிக்கு அம்மா தம்பியோடு அப்படியே சாய்ந்தாள். இருவரும் தூங்கிப்போனார்கள்.

அக்கா கட்டிலருகே நின்று, அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தாள். 'கர்ர்...' தம்பியின் புருவம் நெளிந்தது. அக்கா சிலையானாள். ஷட்டர் ஊமைதான், இந்த லீவர் அல்லவா வாயாடி!

குளியலறைக்குப் போனாள். கதவைச் சாத்தி, கேமராவைத் துண்டில் சுற்றி, மீதியை இழுத்தாள். திரும்பி வந்தாள். இரண்டு தம்பிகளும் ஒன்றானார்கள்.

'சிக்.'

கொசு தும்மியது போலத்தான் கேட்டது. யாரும் அசையவில்லை!

சிரித்தபடியே கேமராவைத் திருப்பினாள். லென்ஸ்மேல் கறுப்பு மூடி அப்படியே இருந்தது.

அவள் பார்த்தது ஜன்னல் வழியாக. படம் விழுவதோ லென்ஸ் வழியாக. மூடி எப்படிக் கண்ணில் படும்?

அழக்கூடத் தெம்பில்லை. மணி நாலே முக்கால். அம்மா சொன்ன முப்பத்தேழு சட்டென்று நினைவுக்கு வந்தது. மறுபடி குளியலறை, மறுபடி துண்டு. லீவர் நகருமா?

நகர்ந்தது!

மூடியைக் கழற்றிப் பையில் போட்டாள். இப்போது அம்மாவின் கை தம்பியின் குட்டிப் பாதத்தைப் பிடித்திருந்தது.

'சிக்.'

சித்தப்பா காலிங்பெல்லை அழுத்துவதற்கு முன்பே வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"எடுத்தாச்சா?" என்று அவர் கிசுகிசுத்தார்.

"ரெண்டு. ஒண்ணு மூடியோட."

சித்தப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "நான் ஒரு கல்யாணத்தையே மூடியோட எடுத்தவன்! சரி, அம்மாவை எழுப்பு, சொல்லிட்டுப் போறேன்."

"நான் சொல்லிக்கறேன், சித்தப்பா. நீங்க செருப்பைக் கீழே போய்ப் போட்டுக்கங்க."

கேமராவை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி அவர் பூனைபோல் படியிறங்கினார்.

அக்கா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அம்மாவின் காலடியில் சுருண்டாள். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அலாரம் அடிக்கவில்லை.