செத்தவீட்டுக்கு வந்தவ

ஒன்பது நாள். பிறம்ரன் நகரில் ஒரு வீடு, றிச்மண்ட் ஹில்லில் ஒன்று, மார்க்கம் நகரில் ஒன்று. மூன்றிலும் ஒருவர் இறந்து, செத்தவீடு முடிந்த ஒன்பதாம் நாள், அதே வீட்டில் இன்னொருவர் காய்ச்சலில் போயிருந்தார். கிருமி நாட்காட்டி பார்ப்பதில்லை. ஒரு நாள் முந்தும், ஒரு நாள் பிந்தும். இது முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

நோய் யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்று தேடுவதுதான் அட்சயாவின் வேலை. மில்லிக்கன் பகுதியில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஃபோனோடு இருந்தாள். தை மாதம், ஐந்து மணிக்கே ஜன்னல் கறுத்து, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் மூச்சு விட்டு விட்டு ஓட, போன கிழமை தகனமான அம்மாவின் படத்தில் பூ வாடி மணக்க, மாடியில் தம்பி மிதுனன் இருமும் சத்தம் படிவழியே இறங்கிக்கொண்டிருந்தது. "ஜஸ்ட் சளி, தடிமன், அக்கா," என்று காலையில் கதவைச் சாத்தியவன்.

மூன்று குடும்பமும் ஒன்றையொன்று அறியாதவை. ஒரே ஒற்றுமை, மூன்று செத்தவீட்டுக்கும் வந்துபோன, யாருடைய சொந்தமென்று எவருக்கும் தெரியாத ஒரு பெண். அவளைப் பற்றி அட்சயா மேலதிகாரியிடம் சொல்லவில்லை. ஏனென்று அவளுக்குத் தெரியும்.

மார்க்கத்தில் மனைவியையும், பின்னர் மகனையும் பறிகொடுத்த தியாகலிங்கம் ஃபோனை எடுத்தார்.

"அங்கிள், செத்தவீட்டுக்கு வந்த அவ இருமினவவோ?"

"இல்லைப் பிள்ளை. தேத்தண்ணிகூடக் குடிக்கேல்ல." குரலைத் தாழ்த்தினார். "சண்டைக்கு முதல் நான் ஊரில சுகாதாரப் பரிசோதகர். வாந்திபேதி எண்டு வீடு வீடாச் சைக்கிளில திரிஞ்சனான். பதினொரு செத்தவீடு. பதினொண்டுக்கும் உவ வந்தவ. இதே முகம்."

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"ஆர் நம்புவினம்? கிணத்துத் தண்ணி எண்டு எழுதிக் குடுத்தன்."

அட்சயா ஃபோனைக் காதோடு அழுத்தினாள்.

"செத்தவீட்டில 'போட்டு வாறன்' எண்டு ஆரும் சொல்லுறேல்ல, பிள்ளை. பேசாமல் எழும்பிப் போறதுதான் முறை. உவ வாசலில நிண்டு சொன்னவ. மருமகள் இஞ்ச பிறந்தவள். மரியாதைக்கு, 'ஓம், வாங்கோ' எண்டிட்டாள். வாங்கோ எண்டவளுக்கு ஒண்டுமில்லை. என்ர பெடியன்தான்..."

ஃபேர்னஸ் நின்றது.

இருமலும் நின்றது.

மேலே கதிரை இழுபட்டது. மிதுனன் யாரோடோ பேசினான். பணிவாக. மெல்ல.

பதில் வந்தது. பெண் குரல்.

வீட்டில் வேறு பெண் இல்லை.

அட்சயா எழும்பி மாடிப்படியைப் பார்த்தாள்.

"பிள்ளை? லைனில இருக்கிறியளோ?"

"அங்கிள்..." தன் குரல் தூரத்தில் கேட்டது. "அம்மாவின்ர செத்தவீட்டுக்கும் அவ வந்தவ. இண்டைக்கு ஒன்பதாம் நாள். வாங்கோ எண்டு நான்தான் சொன்னனான்."