நாலாயிரத்துக்கு மேல் மௌனம்

டெலிபோன் அலறியது. காலை பதினோரு மணி.

ஒலி ஆய்வுக்கூடத்தில் அவள் ஒருத்திதான். டிபார்ட்மெண்டில் அவளுக்குப் பெயர் 'காது'. அன்றைக்கு அவள் வாய் திறந்தது அதுதான் முதல் முறை.

"சொல்லுங்க."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். அந்தப் பெரியவர் கேஸ். நர்ஸை ரிமாண்ட் பண்ணப்போறேன். ரெக்கார்டிங்ல ஒண்ணும் இல்லையே?"

"இருக்கு சார். அவர் மகனைக் கூட்டிட்டு வாங்க."

முந்தாநாள் தன் ஃப்ளாட்டில் தலையணையால் அமுக்கிக் கொல்லப்பட்டிருந்தார் பெரியவர். மனைவி போய் ஒரு வருடம். தனி ஆள். விழுந்தால் தெரியட்டும் என்று மகன் மாட்டிவிட்ட ரெக்கார்டர் மட்டும்தான் துணை.

அதில், அன்று பிற்பகல் மூன்று ஐம்பத்தெட்டுக்கு அவர் குரல்...

"வா... உக்காரு. சாப்டியா?"

நர்ஸ் தினமும் வருவது நாலு மணிக்கு. மகனோ மூன்றிலிருந்து ஆபீஸ் மீட்டிங்கில்.

அரை மணியில் இன்ஸ்பெக்டரும் மகனும் வந்தார்கள். மகனுக்குக் கண் சிவந்திருந்தது.

"இந்த மெஷின் சிக்கனக்காரன் சார்" என்றாள் காது. "வீடு அமைதியா இருந்தா செகண்டுக்கு எட்டாயிரம் தடவைதான் ஒலியைக் குறிச்சுக்கும். சத்தம் வந்தா தானாவே நாப்பத்தெட்டாயிரம்."

"அதனால?"

"எட்டாயிரத்துல பதிஞ்சா, அதுல பாதி, நாலாயிரம் அதிர்வுக்கு மேல உள்ள கீச்சு ஒலியெல்லாம் போயிடும். ஸ்க்ரீன்ல பாருங்க... இந்த மூணு அம்பத்தெட்டு, முழு வேகத்துல பதிஞ்சது. ஃபேன் சத்தம் உச்சி வரைக்கும் இருக்கு. அவர் குரல் மட்டும் நாலாயிரத்துல கத்தி வெச்ச மாதிரி நிக்குது. 'சாப்டியா'ல 'சா' மழுங்கிப் போச்சு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"அப்போ... பேசினது அவர் இல்ல?"

"அவர்தான். மூணு வாரத்துக்கு முந்தி. பழைய ஃபைல்ல கண்டுபிடிச்சுட்டேன். அதே மூச்சு, அதே இடைவெளி. அதை யாரோ அந்த மெஷின் ஸ்பீக்கர்லயே சத்தமா ஓட விட்டிருக்காங்க. போன்ல ஒரு தட்டு தட்டினா போதும், மீட்டிங்ல உக்காந்துக்கிட்டே. பாஸ்வேர்டு ஒரே ஆள்கிட்டதான்."

மகன் சட்டென்று குறுக்கிட்டான்.

"பேச்சு வந்தா மெஷின் முழு வேகத்துல பதியும்னுதானே..."

"மூணு வாரம் முன்னாடி அவர் பேசினது அவ்வளவு மெதுவா சார். மெஷின் அதை அமைதின்னு நினைச்சுடுச்சு."

"யார்கிட்ட பேசினார்?" என்றான் மகன்.

"பதில் சொல்ல யாரும் இல்ல. கேட்டுட்டேன். நாப்பது நிமிஷம் கேட்டேன்." அவள் ஹெட்போனை மடித்து வைத்தாள். "கடைசில உங்க அம்மா பேரைச் சொன்னார்."

மகன் நாற்காலியில் சரிந்தான். முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"வீட்டை விக்க மாட்டேன்னார். அவ இருந்த இடம்னார்..." குரல் உடைந்தது. "மெஷினை நிறுத்திட்டு, ரெண்டு மணிக்குப் போனேன்... என்னைக் கொஞ்சம் தனியா விடுங்க சார்."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"அது முடியாதுப்பா. உள்ள ஒரு ரூமுக்கு எட்டுப் பேர்."