மூன்றாம் பெட்டியின் உப்பு

காலை ஆறு மணிக்குக் கூரைத்துணியின் ஓரத்தை ஒரு முழம் விலக்கி, மாடியிலிருக்கும் ஆறு வேர்ப்பெட்டிகளையும் வரிசையாகப் பார்ப்பேன். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்ப்பது முதல் வேலை. பிறகு பெட்டிக்கு அரை லிட்டர் தண்ணீர். பிறகு ஏடு. “நாள் எழுபத்து நான்கு. நான்காம் பெட்டியில் கீழ் இலை இரண்டு மஞ்சள். ஒருவேளை நேற்றே மஞ்சளாக இருந்து நான் பார்க்காமல் விட்டிருக்கலாம்.” என் குறிப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். ‘ஒருவேளை’ வரும் இடங்களையெல்லாம் வகுப்பு எடுக்கும் பொன்னுரங்கம் சார் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பித் தருவார்.

செவ்வாய், வெள்ளி மாலைகளில் திண்டுக்கல் விதைப் பெட்டகத்தின் பின்கட்டிடத்தில் ஒப்பீட்டு வகுப்பு நடக்கும். பகலில் நான் தக்காளிப் பசை ஆலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். ஆலைக்குள் தக்காளி வந்ததில்லை. மாவு, புளிப்புத்தூள், நிறம், இவ்வளவுதான். லேபிளில் மட்டும் ஒரு தக்காளி இருக்கும். உண்மையான செடியை முதன்முதலாகத் தொட்டது இந்த வகுப்பில் சேர்ந்த பிறகுதான்.

பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட ஆறு உறைகள் தருவார்கள். பழைய நாட்டுத் தக்காளி ரகங்கள் ஆறு: செம்மணி, வெல்லக்கட்டி, ஆற்றுப்புளி, மலைக்கருவல், தோள்பச்சை, வரியோடி. பெட்டகத்துச் சுவரில் அவற்றின் பழைய படங்கள் தொங்கின. ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு, ஒன்றில் பூசணிபோல மடிப்புகள். எங்கள் மாடிகளில் காய்த்தவை எல்லாமே சிவப்பாக, உருண்டையாக, எலுமிச்சை அளவில் இருந்தன. அதற்கான விளக்கம்தான் முதல் பாடம். வாடல் நோய் ஆண்டுகளுக்குப் பிறகு கூரைத்துணி இல்லாமல் எந்தச் செடியும் பிழைப்பதில்லை, துணி வடிகட்டிய வெயிலில் நிறமும் வடிவமும் வராது, வேறுபாடு மிஞ்சியிருப்பது சுவையில் மட்டும்தான். அப்படித்தான் குறித்துக்கொண்டேன். அடியில் கோடும் போட்டேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது மரப்புக் காய்ச்சல் வந்தது. ஊரில் மூன்றில் ஒருவருக்கு நாக்கு மரத்துப்போனது. சிலருக்கு முழுவதும், சிலருக்குப் பாதி. எனக்கு எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கெட்டுப்போன பசையை ருசி தெரியாமல் சமைத்துப்போட்டு இரண்டு விடுதிகளில் சாவு விழுந்த பிறகு, பிறருக்குச் சமைப்பவர் எல்லோரும் நாக்குச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆலையில் பசையை ருசி பார்க்கும் சோதனை மேசைக்குப் போகவும் அதே சான்றுதான். இந்த வகுப்புதான் அதற்குத் தேர்வு. ஆறு ரகத்தையும் வளர்க்க வேண்டும், சுவைக்க வேண்டும், வேறுபாட்டை எழுத வேண்டும். எழுதியது பெட்டகத்துச் சுவைப்பதிவேட்டோடு பொருந்த வேண்டும்.

எனக்கு இணையராக வந்தவர் ஜெசிந்தா அக்கா. அடுத்த தெரு. நூற்பாலை மெஸ்ஸில் இருநூறு பேருக்குச் சமைக்கிறவர். பழைய சான்று காலாவதியாகி, புதிய விதிப்படி வகுப்புக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவருக்குக் காய்ச்சலே வந்ததில்லை. “வாசல் வரைக்கும் வந்துச்சு. நான் வச்ச கருவாட்டுக் குழம்பு வாசத்துல திரும்பி ஓடிருச்சு” என்பார். இணையர்கள் ஒருவர் பழத்தை ஒருவர் சுவைத்து, ஒருவர் ஏட்டில் ஒருவர் கருத்து எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

முதல் அறுவடை அன்று மாலை அக்கா என் மாடிக்கு வந்தார். ஆறு தட்டில் ஆறு பழம் வெட்டி, எண்ணட்டை வைத்து, இடையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் வைத்திருந்தேன். அவர் தண்ணீரைத் தொடவில்லை. வரிசையாக வாயில் போட்டு மென்றார்.

“ஏண்டி அல்லி, ஒரே பழத்தை எதுக்கு ஆறு தட்டுல வச்சிருக்க?”

“ஆறு ரகம்க்கா. ஆறு பெட்டி.”

“பெட்டி ஆறுதான். பழம் ஒண்ணு. என் வீட்டுலயும் இதேதான். நல்ல பழம்தான், குறை சொல்லலை. ஆனா ஒண்ணு.” விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். “உனக்கு என்ன தெரியுது?”

நான் இரண்டு முறை சுற்றி வந்தேன். இனிப்பு, பின்னால் புளிப்பு. அடுத்ததிலும் இனிப்பு, பின்னால் புளிப்பு. ஏட்டில் பென்சிலால் எழுதினேன்: “வேறுபாடு தெரியவில்லை.” அக்கா எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

“அப்படியே எழுது. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா மேல்சோதனை வைக்கணும்னு விதி இருக்கு. தனியாச் சொன்னா என்னை மரத்தவள்னு எழுதிருவாங்க. அப்புறம் கரண்டியைத் தொட விடமாட்டாங்க. இருபத்தெட்டு வருஷமா தொட்ட கரண்டி.”

அவர் போன பிறகு அந்த இரண்டு சொற்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. எனக்கு வந்தது. அவர் வேறுபாடு இல்லை என்றால் அது நாக்கின் தீர்ப்பு. நான் சொன்னால் அது காய்ச்சலின் தீர்ப்பாகவும் இருக்கலாம். சரியாகச் சொன்னேனா என்பதைவிட, சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பதுதான் அன்று பெரிதாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் வாய்மொழிச் சுற்று. முன் பெஞ்சில் எப்போதும் தெய்வசிகாமணி உட்காருவார். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர். சான்று தேவையில்லாமலே மூன்றாம் முறையாக வகுப்புக்கு வருகிறவர். பொன்னுரங்கம் சார் கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

“ரெண்டு வெல்லம் சார், கேள்வியே இல்ல. மூணுலதான் விஷயம். முதல்ல புளிக்கும், நடுவுல மெல்லிசா ஒரு உப்பு வரும். போன தடவையும் வந்துச்சு.”

“ஆமா சார், உப்பு” என்றது பின்னால் ஒரு குரல். இன்னும் நான்கு பேர் தலையாட்டினார்கள்.

“அஞ்சுல மிளகா இருக்கும், பாரு” என்று ஜெசிந்தா அக்கா என் காதில் சொன்னார். நான் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய் மூன்றாம் பெட்டிப் பழத்தை மறுபடி வெட்டினேன். புளிப்பு. நடுவில் ஏதோ ஒன்று. அதை உப்பு என்றால் உப்பு. பென்சில் வரியை அழித்துவிட்டு மையால் எழுதினேன்: “இரண்டு: வெல்லம். மூன்று: முன்னால் புளிப்பு, நடுவில் மெல்லிய உப்பு.” அந்த வரியில் ‘ஒருவேளை’ இல்லை. கருத்து எழுத என்னிடம் தந்திருந்த அக்காவின் ஏட்டில் ‘ஆறும் ஒன்று’ என்பதற்கு எதிரே, இணையர் கருத்துக் கட்டத்தில், “ஒத்துப்போகவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

முடிவுத் தாள்கள் தொண்ணூற்றாறாம் நாள் வந்தன. எனக்குப் பத்துக்கு ஒன்பது. “மூன்றாம் பெட்டி: பதிவேட்டோடு முழுப் பொருத்தம்” என்று சார் தன் கையால் எழுதியிருந்தார். ஜெசிந்தா அக்காவின் தாளில் ஒரே ஒரு சொல் இருந்தது. மரத்தவர்.

வாசலில் அவர் எனக்காக நின்றார். “அன்னைக்கு உன் நோட்டுல பென்சில்ல என்ன எழுதின?”

“அழிச்சிட்டேன்க்கா.”

“அழிச்சதைக் கேக்கலை. எழுதினதைக் கேக்குறேன்.”

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செடிகளைப் பிடுங்கிப் பெட்டிகளை ஒழித்தேன். கடைசிப் பழங்களைப் பறித்து எண்வாரியாகக் கூடையில் வைத்தேன். ஒவ்வொரு உறையிலும் நாற்பது விதை. இருபதை விதைத்து, மீதி இருபதைத் திருப்பித் தர வேண்டும். விதை டப்பாவைத் திறந்து உறைகளை எண்ணினேன். ஒன்றாம் உறையில் இருபது. இரண்டாம் உறை காலி. மூன்றாம் உறை ஒட்டுப் பிரியாமல் இருந்தது. உள்ளே நாற்பதும் இருந்தன.

ஏட்டின் முதல் பக்கத்துக்குப் போனேன். “இரண்டாம் உறை விதைத்தேன். தண்ணீர் வண்டி மணி. கீழே போய்க் குடம் நிரப்பி வந்தேன். மூன்றாம் உறை விதைத்தேன்.” பக்கத்தில் ஒரு சரிக்குறி. குடத்தோடு மூச்சு வாங்க மேலே வந்தவள், கையில் கிடைத்த திறந்த உறையையே மறுபடி எடுத்திருக்கிறேன். என் மூன்றாம் பெட்டியில் இருந்தது இரண்டு. வெல்லம் என்று எழுதியதும் அதைத்தான், உப்பு என்று எழுதியதும் அதைத்தான்.

உறையை எடுத்துக்கொண்டு பெட்டகத்துக்குப் போனேன். பொன்னுரங்கம் சார் தனியாக உட்கார்ந்து அடுத்த பருவ உறைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நடந்ததை நான் சொல்லி முடிக்கும்வரை அவர் முத்திரையைக் கீழே வைக்கவில்லை.

“தப்பா நட்டதுக்கு மார்க்கைக் குறைக்கச் சொல்றியாம்மா?”

“இல்ல சார். தப்பா நட்டும் எப்படிப் பொருந்துச்சுன்னு கேக்குறேன்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “ஏழு வருஷம் முன்னாடி வாடல் மறுபடி வந்துச்சு. வெளிய சொல்லலை. நட்ட அத்தனை வீட்டுலயும் போச்சு. ஒரே ஒரு மாடியில ஒரு பெட்டி நின்னுச்சு. அந்த விதையை ஆறு உறையில போட்டோம். ஒரு வருஷத்துக்குத்தான்னு நினைச்சோம். அடுத்த வருஷம் குளிர் அறையிலேருந்து நிஜ விதையை எடுத்துக்கலாம்னு.”

“எடுத்தீங்களா?”

“குளிர் எப்ப நின்னுச்சுன்னே தெரியலை. ஒண்ணுகூட முளைக்கலை.” மேசைமேல் இருந்த உறைகளை ஒழுங்காக அடுக்கினார். “ஒண்ணுதான் மிச்சம்னு சொன்னா யாரு நடுவா? இதுவும் போயிருக்கும். அந்த வருஷமே நாலு பேர் வித்தியாசம் எழுதிக் குடுத்தாங்க. அடுத்த வருஷம் பதினாலு பேர். அதைச் சேர்த்துத்தான் பதிவேடு. நான் ஒருத்தரையும் பொய் எழுதச் சொல்லலைம்மா. எனக்கு நாக்கு முழுசா போச்சு. நீங்க எழுதுறதைத்தான் நான் நம்புறேன்.”

“ஜெசிந்தா அக்கா உண்மையை எழுதினாங்க சார்.”

“பதினஞ்சு நாளுக்குள்ள நீ உன் கருத்தைத் திருத்தலாம். விதி இருக்கு. வெளியூர் அலுவலர் வருவாரு. உங்க ரெண்டு பேரு கண்ணையும் கட்டி, எண்ணு சொல்லாம சுவைக்கக் குடுப்பாரு. ரெண்டு பேரும் ‘ஒண்ணு’ன்னு சொன்னா அவங்களுக்குச் சான்று.” என் கையிலிருந்த மூன்றாம் உறையை வாங்கி, முத்திரை குத்தி, அடுக்கின் மேல் வைத்தார். “இது புதுப் பருவத்துக்கு ஆகும்.”

என்னிடம் இருந்த ஒரே சாட்சி அது. கை நீட்டித் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றியது தெருவுக்கு வந்த பிறகு.

மெஸ்ஸில் ஜெசிந்தா அக்கா தட்டுக் கழுவும் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். அடுப்படியில் ஓர் இளைஞன் கரண்டியோடு நின்றான். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். விதை, குளிர் அறை, மேல்சோதனை எல்லாம். அவர் ஆச்சரியப்படவில்லை.

“இப்ப வந்திருக்கிறவன் குழம்புக்கு ரெண்டு தடவை உப்புப் போடுறான். பத்துக்குப் பத்து வாங்கினவன். சாப்பிடுறவங்க வாயைத் திறக்கலை. தன் நாக்குலதான் கோளாறுன்னு தண்ணியைக் குடிச்சிட்டுப் போறாங்க.”

“நான் திருத்தி எழுதிக் குடுக்குறேன்க்கா. உங்க பழம் நாலு இருந்தாப் போதும், மறுபடி சுவைச்சுப் பார்த்து இன்னைக்கே படிவத்தை நிரப்பிடலாம்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு தட்டோடு வந்தார். “கண்ணை மூடு.”

மூடினேன். ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்று விழுங்கினேன். இன்னொன்று.

“சொல்லு.”

“ரெண்டும்...” நிறுத்தினேன். ஆறும் ஒரே விதை என்று எனக்குத் தெரியும். ஒன்று என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் முதல் துண்டில் வெல்லம் இருந்தது. இரண்டாவதில் புளிப்புக்குப் பின்னால், நடுவில், தெளிவாக உப்பு. “முதல்ல குடுத்தது ரெண்டு. அப்புறம் குடுத்தது மூணு.”

“கண்ணைத் திற.”

தட்டில் பாதியாக வெட்டிய ஒரே ஒரு பழம் இருந்தது. இரு பக்கமும் ஒவ்வொரு கீற்று குறைந்திருந்தது.

“நீ பொய் சொல்லியிருந்தா திருத்தச் சொல்லலாம், அல்லி” என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “அந்த அலுவலர் முன்னாடி நீ இதையேதான் சொல்லுவ. நீயே மறுபடி சொன்னா நான் ஆயுசுக்கும் மரத்தவதான். இப்பன்னா ரெண்டு வருஷம் கழிச்சாவது திரும்பத் தேர்வு எழுதலாம்.”

“நான் யோசிச்சுச் சொல்லுவேன்க்கா. வர்ற ருசியைக் கணக்குல எடுக்காம...”

“உன் நாக்கை நீயே நம்பாமதான இங்க வந்து நிக்கிற.” அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார். “போ. தட்டு நிறையக் கிடக்கு.”

திருத்தப் படிவம் என் மேசைமேல் பதினைந்து நாளும் இருந்தது. பெயர், எண், இணையர் பெயர் மூன்றையும் நிரப்பியிருந்தேன். காரணம் என்ற கட்டம் மட்டும் காலி. பதினைந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு, பழக்கத்தில் மாடிக்குப் போனேன். நீர் ஊற்றப் பெட்டிகளில் எதுவும் இல்லை. கூடையில் மூன்றாம் எண்ணில் ஒரு பழம் மிச்சமிருந்தது, தோல் சுருங்கி. எண்ணட்டையைக் கிழித்துப் போட்டேன். இது இரண்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். மூன்று முறை வாய் கொப்பளித்தேன். வெட்டி ஒரு துண்டை நாக்கின் நடுவில் வைத்தேன்.

உப்பு இருந்தது.

படிவத்தை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்து, ஏட்டில் அன்றைய தேதியிட்டு, “உப்பு இருந்தது” என்று எழுதினேன். ‘ஒருவேளை’ சேர்க்க ஓர் இடமும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை முதல் எனக்குச் சோதனை மேசையில் வேலை.