வரைபடக்காரரின் நோட்டு

கடைப்பலகையில் தன்னைக் ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று எழுதிக்கொண்டவன் அந்த மாடி வீட்டுக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. கூப்பிடாமலேயே வந்தான். இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்று வேறு பல்லை இளித்தான். கூப்பிட்டபோதெல்லாம் வராத மகானுபாவனுக்குத் திடீரென்று என்ன கரிசனம்?

வீட்டுக்காரர் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவர். அவருடைய கம்ப்யூட்டர் ஒன்றரை வருஷமாக நினைத்தால் ஓடும், நினைத்தால் அணையும். ஒவ்வொரு முறையும் போன் செய்வார்.

“தம்பி, மறுபடியும் அணைஞ்சிடுச்சு.”

அவ்வளவுதான் பேசுவார். கோபமே வராத மனிதர். டாக்டர் ஒருநாள் மெமரி என்பான், ஒருநாள் வைரஸ் என்பான், இன்னொருநாள் உங்கள் வீட்டுக் கரண்டே சரியில்லை என்பான். போனை வைத்ததும், “பெருசுக்கு வேற வேலை இல்ல” என்று சிரிப்பான். உண்மை அவனுக்குத் தெரியும். உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை இருநூறு வாட்கூடத் தாங்காத வெறும் சோப்ளாங்கி. அதன் தலையில் ஐந்நூறு வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய புண்ணியவானே அவன்தான்.

போன மாதம், அணைந்த திரைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரைபடக்காரர் போய்விட்டார். நாளைக்கு அவர் மச்சான் வந்து பெட்டியைத் திறக்கப்போகிறார். எலக்ட்ரீஷியன். அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் டாக்டரின் பிழைப்பு சந்தி சிரித்துவிடும். அதற்குள் மாற்றிவிட வேண்டும்.

அறைக்குள் ஜன்னல் சாத்தியிருந்தது. கருகிய தூசியின் வாசனை மூக்கில் ஏறியது.

“அவரு இன்னும் இங்கதான் இருக்காரு தம்பி,” என்றார் வரைபடக்காரரின் மனைவியான அந்த அம்மாள் தணிந்த குரலில். “மதியத்துல பேனா சத்தம் கேக்குது.”

“எலியா இருக்கும்கா. படிச்சவங்க நீங்களே இப்படிப் பேசலாமா? சூடா ஒரு காபி போட்டுக் குடுங்க.”

அவர் புது டிகாக்ஷன் இறக்கச் சமையலறைக்குப் போனார். மேஜையில் கோடுபோட்ட நோட்டு ஒன்று விரிந்திருந்தது. அணைந்த நாள், நேரம், அப்போது நடந்த வேலை எல்லாம் பொடிப்பொடியாக, அழகான எழுத்தில்.

‘கடிதம் அடிக்கும்போது அணைவதில்லை. முழுக் கட்டடத்தையும் திரையில் சுழற்றினால் அணைகிறது. அடுத்த வீட்டில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. எனவே கரண்டில் குறையில்லை. பவர் சப்ளையால் தாங்க முடியவில்லை. கடைக்காரரிடம் சொன்னேன். சிரித்தார்.’

“பெரிய விஞ்ஞானி,” என்று டாக்டர் முணுமுணுத்தான்.

கடைசிக் குறிப்பின் தேதி அவர் இறந்த நாள். அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

பெட்டியைக் கழற்றினான். பழைய சப்ளை கையில் காற்றாகக் கனத்தது. நல்ல சரக்கு என்றால் செங்கல் மாதிரி இருக்கும். இதை எடுத்துப் பையில் திணித்துவிட்டு, கொண்டுவந்த புதியதைப் பொருத்தினான். கட்டடத்தைத் திரையில் சுழலவிட்டான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சிணுங்காமல் ஓடியது. அப்பாடா என்று சாய்ந்தான்.

சர்ர்ர்.

காகிதத்தின்மேல் பேனா ஓடும் சத்தம்.

எலிதான்.

சர்ர்ர். சர்ர்.

அவன் கையருகேதான் கேட்டது.

மெதுவாகத் திரும்பினான். வெறும் கோடுகளில் ஒன்று நிரம்பியிருந்தது. மை இன்னும் பளபளத்தது.

‘மணி மூன்று நாற்பது. பழைய சப்ளையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.’

கிழிக்கலாம் என்று கையை நீட்டினான். அதற்குள் காபியுடன் வந்த அம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டார். படித்தார். அவனுடைய பையைப் பார்த்தார். அலறவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“அக்கா, அது வந்து... உங்க வீட்டு கரண்ட்...”

சட்டென்று திரை அணைந்தது.

“இன்னுமா தம்பி இந்தப் பொய்?” அருவருப்போடு கேட்டார். போனை எடுத்துத் தன் எலக்ட்ரீஷியன் தம்பிக்கு அடித்தார். “டேய், நாளைக்கு வேணாம், இப்பவே வா. உங்க மாமா எழுதி வெச்சிருக்காரு.”

டாக்டர் பையை அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

“ஓடு,” என்றார் அவர் மேலிருந்து. “அவருக்குக் கோவமே வராது. எழுதி மட்டுந்தான் வைப்பாரு.”

தெருமுனையில் பை அவன் மார்போடு சேர்ந்து நடுங்கியது. திறந்தான். எந்த ஒயரிலும் சொருகாத அந்தப் பழைய சப்ளையின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கருகிய தூசி வாசனை. பையோடு தூக்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு, திரும்பிப் பாராமல் கடைக்குள் போய் ஷட்டரை இழுத்து மூடினான்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு விளக்கைப் போட்டான். வேலை குறித்துவைக்கும் அவனுடைய நோட்டு மேஜையில் விரிந்து கிடந்தது. பொடிப்பொடியான, அழகான எழுத்து.

‘மணி நான்கு பத்து. கடைக்கு வந்து சேர்ந்தோம்.’