மாமியார் பாரம்

டெலிபோன் அலறியது.

பழைய பிக்கப் வண்டிகளை வாங்கி விற்கும் யார்டு அது. கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் ரூமில் ஓனரம்மா ஒரு கையால் சாவிகளைத் துடைத்தபடி மறு கையால் ரிசீவரை எடுத்தாள்.

"சொல்லுங்க."

"உங்க தம்பி எங்ககிட்ட இருக்கான்."

கர்ச்சீப்பை வாயில் திணித்துக்கொண்டு பேசுவது போன்ற குரல்.

"யாரு பேசறது?"

"என் குரல் எதுக்கு? உங்க தம்பி குரலைக் கேளுங்க."

ஒரு 'தொப்'. ஒரு முனகல். பிறகு...

"அக்கா... இவங்க கேக்கறதைக் கொடுத்துடு..."

தம்பியேதான்! அவனைத் தூக்கி வளர்த்தவளுக்கு அந்தக் குரல் தெரியாதா என்ன?

"அவனை என்ன செஞ்சீங்க?"

"இதுவரைக்கும் ஒண்ணும் செய்யல. எங்ககிட்ட லோடு ஏத்தின ட்ரெய்லர் ஒண்ணு இருக்கு. இழுத்துட்டு வந்த வண்டிக்கு கிளட்ச் போயிடுச்சு. என் ஆள் ஒருத்தன் வருவான். அந்த ட்ரெய்லரோட மலையைத் தாண்டற மாதிரி ஒரு பிக்கப்பைக் கொடுத்தனுப்புங்க. மலைக்கு அந்தப் பக்கம் போனதும் தம்பியை இறக்கி விட்டுடறோம்."

"நடுவுல வண்டி நின்னுட்டா?"

"தம்பியோட மூச்சும் நின்னுடும். போலீசுக்குப் போனாலும் அதேதான்."

டொக்.

ஓனரம்மா ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. உடனே புருஷனின் செல்போனைக் கூப்பிட்டாள். டயர் விற்பதற்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன் அவன்.

"ஏங்க... தம்பியை யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்க..."

அழாமல் சொல்லி முடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான்.

"நான் ரொம்ப தூரத்துல இருக்கேனே. கிளம்பினாலும் இன்னிக்கு வந்து சேர முடியாது. போலீசுக்கு மட்டும் போயிடாத. இருக்கறதுலயே நல்ல வண்டியா பார்த்துக் கொடு. உசுருதான் முக்கியம்."

"சரிங்க."

"உன் தம்பி சகவாசம் சரியில்லன்னு நானும் தொண்டை கிழியச் சொன்னேன். நீ எங்க கேட்டே?"

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு ஒரு சண்டை நடந்திருக்கும். யார்டு அவள் அப்பா வைத்துவிட்டுப் போனது. அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. புருஷனுக்கு அந்த இரண்டாவது பாதியின் மேல் ஒரு கண் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால், இன்று அதற்கெல்லாம் நேரமில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஆளுக்கு முன்னால் வாசனை உள்ளே வந்தது. ஒரு பாட்டில் செண்ட்டை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தவன் போல் ஒருத்தன். அவனை செண்ட்டு என்றே வைத்துக்கொள்வோம். அவனும் ஆட்சேபிக்கப் போவதில்லை.

"அண்ணன் பேசியிருப்பாரே?"

"பேசினார். வாங்க."

செண்ட்டு யார்டைச் சுற்றிப் பார்த்தான். அவன் கண் நேராக ஒரு சிவப்பு வண்டியில் போய் ஒட்டிக்கொண்டது. இடுப்பு உயர டயர், பளபளக்கும் பம்பர், கூரையில் வரிசையாக விளக்குகள்.

"இதைக் கொடுங்க."

"அது ஃபோட்டோ எடுக்கத்தான் லாயக்கு."

"முந்நூறு குதிரை சக்தின்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே..."

"அது வேகமா ஓடறதுக்கு. நீங்க பந்தயத்துக்கா போறீங்க? ட்ரெய்லர் எவ்வளவு கனம்?"

"நல்ல கனம்."

"டன் கணக்குல சொல்லுங்க. அது தெரியாம வண்டி சொல்ல முடியாது."

"மூணரை டன்னு அண்ணன் சொன்னாரு."

"உள்ள என்ன இருக்கு?"

"இரும்பு." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

இரும்பாம்! காலையில் ரேடியோவில் கேட்ட செய்தி அவளுக்குச் சட்டென்று உறைத்தது. மின்சாரக் கிடங்கில் செம்புக் கம்பிச் சுருள்கள் கொள்ளை. காவல்காரர் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில்.

இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. மூலையில் நின்ற ஒரு வெள்ளை வண்டியின் பக்கம் அவனைக் கூட்டிப் போனாள். பார்க்க அழுமூஞ்சி வண்டி. பெயின்ட் மங்கியிருந்தது.

"இதை எடுத்துக்கிட்டுப் போங்க."

"இதுவா? கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏத்தற வண்டி மாதிரி இருக்கே."

"கனமான ட்ரெய்லரை எந்த வண்டி வேணா இழுத்துடும். மலை ஏறும்போது சூடாகக் கூடாது. இறங்கும்போது நிக்கணும். மூணரை டன் பின்னாலேர்ந்து தள்ளும்ல, அதைத் தாங்கணும். இதுல ட்ரெய்லர் பிரேக்குக்குத் தனி கனெக்‌ஷன் இருக்கு. ரேடியேட்டர் பெருசு. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர வைக்கத் தனி கூலர். டீசல் இன்ஜின், சத்தம் போடும், ஆனா மூச்சு வாங்காது."

"அந்தச் சிவப்பு?"

"அதுலயும் பிரேக் கனெக்‌ஷன் இருக்கு. ஆனா அந்தக் கூலர் கிடையாது. பாரத்தோட மலை ஏறினா கியர்பாக்ஸ் கொதிச்சுப் போய் பாதி வழியில உக்காந்துடும்."

அவள் சொன்னதில் பொய்யே இல்லை. தம்பி உட்காரப் போகிற வண்டி. அவனுக்காக அவள் மனசாரத் தேர்ந்தெடுத்த வண்டி.

செண்ட்டு அரை மனசாக செல்போனை எடுத்தான்.

"அண்ணே, ஒரு வெள்ளை வண்டி சொல்றாங்க... ஆமாண்ணே... இருங்க, கேக்கறேன்."

போனைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"அண்ணன் கேக்கறாரு... இது மாமியார் பாரம் எவ்வளவு தாங்கும்?"

ஓனரம்மாவின் கையிலிருந்து சாவி நழுவிக் கீழே விழுந்தது.

"என்ன கேட்டீங்க?"

"மாமியார் பாரம். அப்படித்தான் கேக்கச் சொன்னாரு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன! ட்ரெய்லரின் முன்பக்கம் வண்டியின் கொக்கியில் மாட்டியிருக்கும் அல்லவா? அந்தக் கொக்கியை அழுத்திக்கொண்டு உட்காரும் கனம் ஒன்று உண்டு. அவள் அப்பா அதற்குச் செல்லமாக வைத்த பெயர் அது. 'பின்னால வர்ற குடும்பம் எவ்வளவு பெருசானாலும் இழுத்துடலாம்மா. மேல உக்கார்ற மாமியார்தான் இடுப்பை உடைக்கும்' என்று சொல்லி, தன் மாமியாருக்குக் கேட்காத தூரத்தில் நின்று சிரிப்பார்.

வேறு எந்த யார்டிலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது அவர்கள் வீட்டு வார்த்தை.

அப்பா இப்போது உயிரோடு இல்லை. மிச்சம் இரண்டே பேர். ஒருத்தி இங்கே நிற்கிறாள்.

அப்படியானால் அந்த 'அண்ணன்'...

தம்பி!

அவசரப்படாதே என்று மனசு சொன்னது. ஒருவேளை அவனை அடித்துக் கேட்டிருக்கலாம். ஒருவேளை அவனே ஜாடையாக எதையோ சொல்லி அனுப்புகிறானோ என்னவோ. சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டாள்.

"நல்ல கேள்வி. என் தம்பி கேக்கச் சொன்னானா?"

"உங்க தம்பி எங்கம்மா பேசறது? வாயில பிளாஸ்திரி போட்டாச்சு. இது அண்ணனோட சொந்தக் கேள்வி. அவருக்கு வண்டி வெவரமெல்லாம் அத்துப்படி."

பிளாஸ்திரியாம். 'அக்கா அக்கா' என்று முனகினானே, என்ன ஒரு நடிப்பு! புருஷன் சொன்னதெல்லாம் உண்மைதான். எவனுக்காக அழுதாளோ அவனே அவள் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறான். காவல்காரர் மண்டையை உடைத்த கையும் அவன் கைதானா? அவளுக்கு முதலில் துக்கம் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது.

"அப்படின்னா வெள்ளை வண்டி வேண்டாம்," என்றாள்.

"என்னது?"

"இதோட பின் ஸ்பிரிங் மெல்லிசு. அவ்வளவு பாரம் கொக்கியில உக்காந்தா பின்பக்கம் தொங்கிடும். முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சு கேக்காது. நீங்க சிவப்பையே எடுத்துக்கோங்க. அதுக்கு ஸ்பிரிங் கெட்டி."

செண்ட்டு கண்ணை இடுக்கினான்.

"இப்பதானே அது பாதி வழியில உக்காந்துடும்னீங்க?"

"அப்ப நீங்க மாமியார் பாரத்தைப் பத்திச் சொல்லலியே."

"இருங்க. அண்ணன்கிட்டயே சொல்லுங்க."

போன் அவள் காதுக்கு வந்தது.

"என்ன, ஆள் பார்த்து வண்டி மாத்தறீங்களா?" அதே கர்ச்சீப் குரல்.

"லோடு பார்த்து மாத்தறேன். ட்ரெய்லர்ல முன்பக்கம்தானே கனத்தை ஏத்தி வெச்சிருக்கீங்க? அதனாலதானே அந்தக் கேள்வி?"



"...ஆமா."

"அப்ப சிவப்புதான். கியர்பாக்ஸ் சூடாகும்னு சொன்னது, மிதிமிதின்னு மிதிச்சா. நிதானமா ஏறினா ஒண்ணும் ஆகாது."

இது பொய். யார்டில் உட்கார்ந்த நாளிலிருந்து வாடிக்கையாளரிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய்.

"வண்டி நின்னா என்ன ஆகும்னு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"சாவியைக் கொடுங்க."

கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். ட்ரெய்லர் பிரேக்குக்கான ஒயர் சரியாக வேலை செய்கிறதா என்று குனிந்து பார்த்தாள். திருடனாக இருந்தாலும் தம்பி. வண்டி ஏற்றத்தில் நிற்கட்டும், பள்ளத்தில் உருளக் கூடாது.

சிவப்பு வண்டி வாசனையோடு கிளம்பிப் போனது.

புருஷனைக் கூப்பிடலாமா என்று போனைத் தொட்டாள். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பான். அதைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. போலீஸ் நம்பரைச் சுழற்றினாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். யார் மேல கம்ப்ளெயின்ட்?"

"என் தம்பி மேல சார்."

சொல்லும்போதே அழுகை வெடித்துவிட்டது.

*

மலைப்பாதை.

வெயில் இன்னும் இறங்கவில்லை. சிவப்பு பிக்கப் பின்னால் தார்ப்பாய் போட்ட ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு காய்கறி லாரி. உள்ளே காய்கறி இல்லை, மப்டி போலீஸ்தான் இருந்தது. டிரைவர் சீட்டில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் ஓனரம்மா.

"நிச்சயமா நிக்குமாம்மா?"

"நிக்கும் சார்."

"நிக்காம மலை தாண்டிட்டாங்கன்னா அந்தப் பக்கம் எனக்கு அதிகாரம் இல்ல."

"நிக்கும் சார். அந்த வண்டியை எனக்குத் தெரியும்." வண்டியைத் தெரிந்த அளவுக்குத் தம்பியைத் தெரிந்து வைத்திருக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் மனசுக்குள் இன்னொரு பயமும் பிறாண்டிக்கொண்டிருந்தது. தான் நினைத்தது தப்பாக இருந்தால்? தம்பி நிஜமாகவே கட்டுண்டு கிடந்தால்? வண்டி நின்றால் மூச்சு நிற்கும் என்றானே...

சிவப்பு வண்டி மெதுவானது.

இன்னும் மெதுவானது.

சைக்கிள்காரன்கூட முந்திவிடும் வேகத்துக்கு வந்து, ஒரு குலுங்கு குலுங்கி... நின்றேவிட்டது!

செண்ட்டு இறங்கி பானெட்டைத் திறந்தான். நிமிர்ந்தபோது அவன் நெற்றியில் ஒரு துப்பாக்கி முட்டிக்கொண்டிருந்தது. மற்ற போலீஸ்காரர்கள் வண்டியின் இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள்.

ஓனரம்மா ஓடினாள். தம்பியை ஓங்கி அறைய வேண்டும் என்று கை பரபரத்தது. பின்சீட் கதவை வெடுக்கென்று திறந்தாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

தம்பி சீட்டுக்கடியில் சுருண்டு கிடந்தான். கை கால் கட்டியிருந்தது. வாயில் நிஜப் பிளாஸ்திரி. புருவத்தில் உறைந்த ரத்தம்.

"இறங்குய்யா கீழே," என்று முன்சீட் பக்கம் இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

முன்சீட்டிலிருந்து ஒருத்தன் கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். கழுத்தில் கர்ச்சீப் தொங்கியது.

அவள் புருஷன்!

"நீங்களா?"

"நீ... நீ எப்படி இங்க? வண்டி ஏன் நின்னுச்சு?"

அவனுக்குப் பதில் சொல்லாமல் தம்பியின் பிளாஸ்திரியைப் பிரித்தாள்.

"அக்கா... மாமாவோட டயர் குடோன்ல இந்த ட்ரெய்லரைப் பார்த்துட்டேன். மலை உச்சியிலேர்ந்து என்னைத் தள்ளி விட்டுட்டு, திருட்டையும் என் தலையில கட்டறதாப் பேசிக்கிட்டாங்க. வண்டி மட்டும் இங்க நிக்காம போயிருந்தா..."

அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நான் உன்னைத்தான்டா சந்தேகப்பட்டேன். மாமியார் பாரம்னு கேட்டான்டா அவன்."

"அது நம்ம வீட்டு வார்த்தைன்னு எனக்குத் தெரியாதாக்கா? நான் எதுக்கு அதை வெளியாள்கிட்ட சொல்லி அனுப்பறேன்?"

நியாயம்தான். தெரிந்தவன் சொல்ல மாட்டான். தெரியாதவன்தான் சொல்லுவான்.

கையில் விலங்கோடு நின்ற புருஷன் திகைத்துப் போய்ப் பார்த்தான்.

"வீட்டு வார்த்தையா? வண்டிக்காரங்க எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க? உங்கப்பா எங்கிட்ட அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்?"

புது மாப்பிள்ளையிடம் அப்பா முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அதை இத்தனை வருஷமாகத் தொழில் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்க இருமினார்.

"நடங்க சார். மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

புருஷன் நகரவில்லை.

"நான் உன் புருஷன். அதை மறந்துடாத. எனக்கு ஒரு நல்ல வக்கீலா மட்டும் பார்த்துக் கொடு."

ஓனரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பார்த்துட்டேங்க. ஆள் சிவப்பா, ஜம்முனு இருப்பார். பாதி ஏத்தத்துல நின்னுடுவார்."