கந்தம்மாள் கொடுத்த அளவு

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். தையல் மேசையருகே வினோலியா, அவள் மகள் பிரபா, கூடத்து நாற்காலியில் வினோலியாவின் மாமனாரும், இதையெல்லாம் பிறகு எனக்குச் சொன்ன என் தம்பியுமான மிக்கேல், கடைசியில் வந்த வெண்ணந்தூர்க் கந்தம்மாள். வாசல் வழியாக வேறு யாரும் உள்ளே வரவில்லை.

இடுப்பை நாடாவால் இறுக்கிக் கட்டும் கார்செட் சுருங்கியிருந்தது. நாடக வேடத்துக்கும் கல்யாண கவுனுக்கும் கார்செட் தைப்பதும் பழுது பார்ப்பதும் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்தின் வேலை. அளவு பிசகியது என்று ஒரு துணிகூட எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்ததில்லை. ஆனால் முந்தின நாள் தைத்து முடித்த வெள்ளைக் கார்செட்டை, கந்தம்மாள் மாதிரிக்குக் கொடுத்திருந்த அளவு சுடிதாரின் மேல் வினோலியா வைத்துப் பார்த்தபோது, இடுப்பு இரண்டு விரல் குறைந்திருந்தது. சுடிதாரிலிருந்து கற்பூரமும் வாடிய மல்லிகையும் கலந்த வாசனை எழுந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. வெளியே மழை இருட்டில் சந்து மங்கிக் கிடக்க, மளிகை மூட்டை இறக்குபவர்களின் சத்தமும் ஆட்டோ ஹாரனும் தேய்ந்து, அவற்றுக்குக் கீழே, மிக அருகில், தையல் இழுபடும்போது எழும் மெல்லிய கிறீச்சொலி கேட்டது. யாரும் எதையும் இழுக்கவில்லை.

"எம் புள்ளைக்கு ராணி வேசம் கட்டோணும்னு ஆசைங்க. அளவு இதுலயே எடுத்துக்குங்க," என்று கந்தம்மாள் சொல்லியிருந்தாள். பெண்ணை நேரில் அழைத்து வரச் சொன்னதற்கு, "அவ எங்கயும் வர்றதில்லீங்க," என்றாள். கூச்சக்காரப் பெண் என்று வினோலியா நினைத்துக்கொண்டாள்.

"பிரபா, ஒரு நிமிஷம் இதப் போட்டுக் காட்டு. அந்தப் பொண்ணுக்கும் உன் அளவுதான்."

"மூச்சு விட எடம் இருக்காம்மா?"

"ராணிக்கு எதுக்கு சாமி மூச்சு?" என்றார் மிக்கேல். பிரபா சிரித்தாள்.

வினோலியா அவள் முதுகில் நாடாவைத் தளர்வாகக் கோத்தாள். முடிச்சுப் போடவில்லை. நாடாவின் நுனி முழங்கால் மடிப்பில் தொங்கியது. அவள் குண்டூசி எடுத்துத் திரும்பியபோது, நுனி கணுக்காலில் இருந்தது.

கார்செட் இறுகினால்தான் நுனி நீளும். யாராவது இழுத்தால்தான் இறுகும்.

"அம்மா, போதும். இழுக்காத."

"நான் தொடவே இல்லடி."

நுனி தரையைத் தொட்டது. வளைந்தது. இன்னும் வந்தது.

கதவருகே கந்தம்மாள் தேங்காய் பழப் பையுடன் நின்றிருந்தாள். பை நழுவி விழுந்தது.

"அதப் போட்டுட்டீங்களா? எங்கூட்டுக் கன்னிக்குப் படைக்கறதுங்க அது. அவளுக்கு வெக்கறதுக்கு மின்னால ஒருத்தரும் உடுத்தக்கூடாதுங்க."

"எந்தக் கன்னி?"

"கண்ணாலம் ஆகாம போயிட்டாளே, எம் புள்ள."

"செத்துப்போயிட்டான்னு ஏங்க மொதல்லயே சொல்லல?"

"கன்னியா ஊட்டுக்குள்ள இருக்கறவளுங்க. அப்பிடிச் சொல்றதில்லீங்க."

வினோலியா கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினாள். துண்டுகள் காலடியில் விழுந்தன. இடுப்பு சுருங்கியது. துணியை வெட்டினாள். உள்ளே இருந்த எஃகுப் பட்டையில் கத்தரி வழுக்கியது. மிக்கேல் விளிம்பைப் பிடித்து இழுத்தார். அவர் நகம் பிய்ந்தது. பிரபாவின் உதடு நீலமானது.

"உட்டுரு சாமி," என்று கந்தம்மாள் கார்செட்டைப் பார்த்துக் கெஞ்சினாள். "தெரியாம போட்டுருச்சு. உட்டுரு."

"என்ன எடுத்துக்கோ," என்றாள் வினோலியா. "அவள விடு. என்ன எடுத்துக்கோ."

இறுக்கம் நின்றது. பிரபா வாய் திறந்தாள். காற்று வெளியே வந்தது. உள்ளே போகவில்லை.

கழற்ற முடியாமல் அந்தக் கார்செட்டோடு அவளைப் புதைத்தோம் என்று பேட்டையில் பேசுகிறார்கள். அது பொய். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் வெள்ளைப் பாவாடை தாவணியில்தான் அவளை அடக்கம் செய்தோம். கார்செட் தானாகவே கழன்றது. பிரபாவின் மார்பு அடங்கியதும் அவளை விட்டு விலகி, தரையில் நேராக நின்றது. உள்ளே எதுவும் இல்லை. அது ஏறி இறங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.